யார் போய்க் கதவைத் தட்டுவது

"உங்கடை ஆக்கள் எப்ப வந்து எங்கடை கதவைத் தட்டப் போகினம்?"

யூலியானா என்னிடம் இப்படிக் கேட்டது போன மார்ச் மாதம், போர்கோ வெக்கியோ சந்தையில், மீன் பெட்டிகளுக்கு நடுவே. அவள் இத்தாலியனில்தான் கேட்டாள். எனக்குள் வந்து சேரும்போது எல்லாம் வீட்டுத் தமிழாகிவிடும், அப்படியே எழுதுகிறேன். நான் வழக்கம் போலத் தலையை ஆட்டினேன். என் தலையாட்டலை ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். கேட்பவர்கள் தங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொள்வார்கள்.

"சும்மா தலையை ஆட்டாதை, தனுசியா. ஐஞ்சு மாசமா வாசல் மணி அடிக்கிற நேரமெல்லாம் என்ரை அம்மா தலைத்துணியைச் சரிபண்ணிக்கொண்டு ஓடுறா. கதவைத் திறந்தால் மீற்றர் பாக்கிறவன் நிக்கிறான்."

யூலியானா இங்கேயே, பலேர்மோவில் பிறந்தவள். அவளுடைய தாய் கம்ஃபர்ட் அன்ரி கானாவிலே குமாசி என்ற ஊர்க்காரி. தகப்பன் இறந்துவிட்டார். எங்கள் வீட்டிலும் அப்பா இல்லை. வன்னியில் கடைசிச் சண்டையில் இல்லாமல் போனார். அதனால் இரண்டு வீட்டிலும் பெரிய மனிதர் தாய்மாமன்தான். அங்கே கோஃபி மாமா, இங்கே இராஜநாயகம் மாமா. இருவரும் இருபத்தைந்து வருடமாக ஊர்ப் பக்கம் போகாதவர்கள். ஊர் வழக்கத்தில் ஒரு சொட்டும் குறைய விடாதவர்கள்.

என் அண்ணன் மதுசனும் யூலியானாவும் துறைமுகத்தில் ஒரே வேலை. நேப்பிள்சிலிருந்து காலையில் வரும் கப்பலில் ஆட்கள் இறங்கியதும் அறைகளைத் துப்புரவாக்கிக் கட்டில்களுக்குப் புது விரிப்புப் போட வேண்டும். இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று இழுத்தால்தான் விரிப்பு சுருக்கமில்லாமல் வரும். இரண்டு வருடம் இழுத்த பிறகு அண்ணன் அம்மாவிடம் வந்து, "எனக்கு ஒரு பிள்ளையைப் பிடிச்சிருக்கு" என்றான்.

அம்மா மூன்று நாள் அண்ணனின் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். நாலாம் நாள், "கறுவலோடா?" என்று கேட்டார். அம்மாவும் அண்ணனும் நானும் என்ன நிறம் என்பது அலுமாரிக் கண்ணாடிக்குத் தெரியும்.

மாமா வரவழைக்கப்பட்டார். மாமா ஆபிரிக்காவை அறிந்தவர். அவர் வேலை செய்த உணவகத்துக் குசினியில் முன்பு ஒரு செனகல்காரன் பதினொரு மாதம் கோப்பை கழுவினான்.

"அவையள் மரத்தைக் கும்பிடுற ஆக்கள், தங்கச்சி," என்றார் மாமா.

அவருடைய தலைக்கு மேலே, ஊரிலிருந்து வந்த வைரவர் கோயில் படம் தொங்கியது. படத்தில் கோயில் இல்லை. ஒரு ஆலமரம், அடியில் ஒரு சூலம், மரத்தைச் சுற்றிச் சிவப்புப் பட்டு. அதே கிழமை கம்ஃபர்ட் அன்ரி என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்கடை ஆக்கள் பாம்புக்குப் பால் குடுப்பினமாமே, உண்மையோ?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

பிறகு சாதகம். யூலியானாவின் பிறந்த நேரம் யாருக்கும் தெரியாது. கிழமை மட்டும் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அதுதான் அவளுடைய வீட்டுப் பெயர். அவர்களிடம் பிறந்த கிழமைக்கு ஒரு பெயர் உண்டு. செவ்வாய்க்கிழமை பிறந்த பெண் அபேனா. என்னையும் கைத்தொலைபேசியில் தேதி போட்டுப் பார்த்து, புதன்கிழமைக்காரி என்று கண்டுபிடித்து, கம்ஃபர்ட் அன்ரி அக்குவா என்றுதான் கூப்பிடுவாள்.

"செவ்வாயோ?" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தார்.

அண்ணனுக்கு எட்டில் செவ்வாய். அந்தக் குற்றத்துக்காக யாழ்ப்பாணம், பாரிஸ், லண்டன் என்று ஐந்து சம்பந்தங்கள் திரும்பிப் போயிருந்தன. மாமா கண்ணை மூடி யோசித்தார்.

"இவனுக்குச் சாதகத்திலை செவ்வாய். அவளுக்குப் பேரே செவ்வாய். இதுக்கு மேலை என்ன பொருத்தம் வேணும்?"

சாத்திரியாரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் வேறு ஏதாவது சொல்லிவிடக்கூடும்.

அடுத்தது ஆட்கள் யார் என்ற கேள்வி. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒரே ஆட்களாக இருக்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் இருவரும் வேறு ஆட்களாக இருக்க வேண்டும். தாய் வழியில் ஒரே குலம் என்றால், ஒருவரை ஒருவர் கண்டேயிராவிட்டாலும் சகோதரம், கட்ட முடியாது. இந்த விசயம் சீக்கிரம் தீர்ந்தது. நாங்கள் வேறு ஆட்கள் என்பதில் கம்ஃபர்ட் அன்ரிக்குச் சந்தேகமில்லை. அவர்களைப் பற்றி விசாரிக்க எங்கள் ஊரான கிளிநொச்சியில் ஒருவரும் இல்லை என்பதில் அம்மாவுக்கு நிம்மதி.

இப்படி எல்லாம் கடந்த பிறகு ஒன்றே ஒன்று மிஞ்சியது. யார் முதலில் போவது?

எங்களில் பொம்பிளை பகுதிதான் மாப்பிள்ளை கேட்டு வர வேண்டும். ஆண் பிள்ளையைப் பெற்றவள் தானாகப் போனால் பெடியனில் ஏதோ பிழை என்று ஊர் சொல்லும். ஆகவே அம்மா ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் இரண்டு அறை வீட்டில், நல்ல கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவர்களில் பெடியன் பகுதிதான் பெண் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அதற்குப் பெயரே கதவு தட்டுதல்தான். இரண்டு போத்தல் மதுவோடு போக வேண்டும். பெண்ணைப் பெற்றவள் தானாகப் போனால் பெண்ணில் ஏதோ பிழை என்று குமாசி வரைக்கும் சொல்வார்கள். ஆகவே கம்ஃபர்ட் அன்ரி போர்கோ வெக்கியோ மூன்றாம் மாடியில், நல்ல கிளாசுகளைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

நூற்றியொன்றாம் இலக்க பஸ்ஸில் ஏறினால் இடையில் இருபது நிமிடம்.

"என்ன சனம் இது? பொம்பிளைப் பிள்ளையை வைச்சுக்கொண்டு அசுமாத்தம் இல்லாமல் இருக்குதுகள்," என்பார் அம்மா.

"உன்ரை அம்மா பெரிய இடமோ? என்ரை பிள்ளை என்ன தெருவிலை கிடக்கிறாளோ?" என்பாள் கம்ஃபர்ட் அன்ரி.

இரண்டு வீட்டுக் கோபத்தையும் கேட்கிற ஒரே ஆள் நான். நான் பள்ளிக்கூடம் போகாமல் விட்டு இரண்டு வருடம். இங்கே பாடத்தை எழுதிக் காட்டினால் போதாது. ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கூப்பிட, வகுப்புக்கு முன்னால் எழுந்து நின்று வாயால் சொல்ல வேண்டும். எழுதினால் எனக்கு எல்லாம் வரும். எழும்பி நின்றால் ஒன்றும் வராது. ஐந்து முறை எழும்பி நின்றேன். ஆறாம் முறை பெயர் கூப்பிடும் நாளில் வீட்டிலேயே இருந்துவிட்டேன், அப்படியே நின்றுவிட்டது. கம்ஃபர்ட் அன்ரி வீட்டிலேயே தலைமயிர் பின்னும் தொழில் செய்கிறாள். சனிக்கிழமைகளில் மீன் வாங்கிய கையோடு அங்கே போய், வண்ண நூல்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டு இருப்பேன். சுற்றிலும் அவர்களுடைய ட்வி மொழியில் பத்துப் பெண்கள் கத்துவார்கள். என்னை ஒருவரும் கதைக்கச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது சொர்க்கம்.

அன்று மீன் சந்தையில் கேட்ட பிறகு, யூலியானா என்னோடு படி ஏறும்போது இரண்டாம் மாடியில் நின்றாள்.

"உனக்கு மட்டும் சொல்லுறன். வடக்கை, பொலோனியாவிலை படிக்க எனக்கு இடம் கிடைச்சிட்டுது. ஆஸ்பத்திரிப் பராமரிப்புப் படிப்பு. செப்டம்பரிலை தொடங்குது. மதுசனும் அங்கை வந்து வேலை தேடுறதெண்டு முடிவு. கட்டிக்கொண்டு ரண்டு பேரும் போறம்."

"அண்ணா வீட்டிலை சொல்லேல்லை," என்றேன்.

"தெரியும். பேந்து சொல்லுறன் பேந்து சொல்லுறன் எண்டு மூண்டு மாசம். நான் சொல்லிப்போட்டன்: கதவு தட்ட வாற அண்டைக்கு, உன்ரை ஆக்கள் என்ரை ஆக்கள் எல்லாருக்கும் முன்னாலை, உன்ரை வாயாலை சொல்லு. அதுதான் எனக்குக் கலியாணம். மிச்சமெல்லாம் போத்தல்." அவள் மீன் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். "ஓமெண்டு சத்தியம் பண்ணியிருக்கிறான். ஆனால் முதல் நீங்கள் வர வேணுமே. வராட்டி அவன் எங்கை சொல்லுறது, கப்பல் கட்டிலிலையோ?"

அன்று பின்னேரம் அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, யூலியானா வீட்டிலை கேட்டவை," என்றேன்.

கத்தி நின்றது. "என்ன கேட்டவை?"

"எப்ப வாறியளெண்டு."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"தாயோ கேட்டது? முறையாய்க் கேட்டவையோ?"

நான் தலையை ஆட்டினேன். பொய் அங்கேதான் இருந்தது. ஆனால் அதற்குச் சத்தம் இல்லை. அம்மா வெங்காயக் கையோடு மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, பொம்பிளை பகுதி கேட்டுவிட்டிட்டினம். கெஞ்சாக் குறையாம். ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வருவம்." அடுத்த சனிக்கிழமை நான் மேலே போய், "ஞாயிற்றுக்கிழமை தட்ட வருவினம்," என்றேன். கம்ஃபர்ட் அன்ரி கையிலிருந்த தலையைப் பாதிப் பின்னலில் விட்டுவிட்டு எழும்பி ஆடினாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கூறைச்சேலைக்கு அடுத்தபடியான சேலையைக் கட்டினார். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பெட்டி பயற்றம் பணியாரம். அண்ணன் வெள்ளைச் சேட்டில் வேர்த்துக்கொண்டிருந்தான். மாமாவின் கையில் சுப்பர்மார்க்கெட் பை. உள்ளே இரண்டு விஸ்கிப் போத்தல்.

"அண்ணை, இதென்ன, பொம்பிளை பாக்கப் போற இடத்துக்கு?" என்றார் அம்மா.

"அவை பாவிக்கிறவையோ என்னவோ. நான் ரண்டு மணித்தியாலம் கதைக்க வேணுமெல்லே. ஒண்டு காணாது."

பெண் கேட்டுப் போகும்போது கட்டாயம் இரண்டு போத்தல் கொண்டுபோக வேண்டும் என்பதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு கிழமையாக நித்திரையில்லாமல் இருந்த நான், மாமாவின் தாகத்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

மூன்றாம் மாடியில் மாமா மணியை அழுத்தக் கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டு கதவை மூன்று தரம் தட்டினேன். உள்ளே ஒரு ஆரவாரம் எழுந்து அடங்கியது. கதவு திறந்தது. கம்ஃபர்ட் அன்ரி மஞ்சளும் பச்சையுமான நெய்த துணியில் ஒரு சிறிய தேர் போல நின்றாள்.

சுவரோரம் கதிரைகளில் அவர்களுடைய தேவாலயச் சபைக்காரர் பன்னிரண்டு பேர். நடுவில் கோஃபி மாமா, ஒரு தோள் வெறுமையாக, துணியை மற்றத் தோளில் போட்டுக்கொண்டு. வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, வலக்கையால் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று யூலியானா சொல்லித் தந்திருந்தாள். அதை மட்டும் நாங்கள் சரியாகச் செய்தோம். இடக்கையால் ஒன்றையும் நீட்டக்கூடாது என்பது எங்களுக்குப் பிறப்பிலேயே தெரிந்த விசயம். "நல்ல வளர்ப்பு," என்று யாரோ சொன்னார்கள். எங்களுக்குத் தண்ணீர் வந்தது.

மாமா பையிலிருந்த இரண்டு போத்தலையும் எடுத்துத் தனக்குக் கை எட்டும் தூரத்தில் மேசையில் வைத்தார். கோஃபி மாமாவின் முகம் மலர்ந்தது. இரண்டு போத்தல். எண்ணிக்கை சரி. முறை தெரிந்த ஆட்கள்.

அவர்களில் பெரியவர்கள் நேரே கதைக்க மாட்டார்கள். ஒரு கதைகாரர் இருப்பார். பெரியவர் அவருக்குச் சொல்ல, அவர் அதை அழகாக்கிச் சபைக்குச் சொல்வார். அவர்கள் பக்கத்துக் கதைகாரி எஸ்தர் அன்ரி. பெரிய உடம்பு, பெரிய குரல்.

"உங்கடை பக்கத்துக் கதைகாரர் ஆர்?" என்று என்னிடம் கேட்டாள்.

மாமா என்ன என்று கேட்டார். பெரிய மனிதர்கள் தங்கள் வாயால் கதைக்கக்கூடாதாம் என்று சொன்னேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அந்த வழக்கம் உடனே பிடித்துவிட்டது. "இவள்தான்," என்று என்னைக் காட்டினார்.

நான் எழும்பி நின்றேன். ஆனால் வகுப்பறை போல இல்லை. என் குரல் அவ்வளவு தாழ்வாக இருந்ததால் எஸ்தர் அன்ரி குனிந்து என் வாயருகே காதைக் கொண்டுவந்தாள். நான் இத்தாலியனில் அந்தக் காதுக்குள் சொல்வேன். அவள் நிமிர்ந்து ட்வியில் சபைக்குச் சொல்வாள். பதிலை எனக்கு மெல்லச் சொல்வாள். நான் தமிழில் மாமாவுக்குச் சொல்வேன். அறைக்குள் இருந்த அத்தனை பேரிலும், இரண்டு பக்கமும் என்ன சொல்லப்பட்டது என்று முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எஸ்தர் அன்ரி தொடங்கினாள். "நாங்கள் எங்கடை வீட்டிலை நிம்மதியாய் இருக்கிறம். எங்களிலை ஒரு குறையும் இல்லை. நீங்கள்தான் வந்து தட்டினீங்கள். என்ன அலுவலாய் வந்தனீங்கள்?"

எல்லாம் தெரிந்துகொண்டே தெரியாதது போலக் கேட்பதுதான் முறை.

"என்னவாம்?" என்றார் மாமா.

இதை அப்படியே சொன்னால், கூப்பிட்டுவிட்டு ஏன் வந்தாய் என்று கேட்கிறார்களா என்று மாமா போத்தலைப் பைக்குள் போட்டுவிடுவார்.

"வந்ததுக்குச் சந்தோசமாம். பெடியனைப் பற்றிச் சொல்லட்டாம்."

மாமா தொண்டையைச் செருமினார். "சொல்லு. எங்கடை பெடியனுக்குத் துறைமுகத்திலை நிரந்தர வேலை. குடி இல்லை, சிகரெட் இல்லை. எத்தினையோ இடத்தாலை கேட்டவை. இவை ஆசைப்பட்டுக் கேட்டபடியால்தான் வந்தனாங்கள்."

நான் எஸ்தர் அன்ரியின் காதுக்குள் சொன்னேன்: "உங்கடை தோட்டத்திலை ஒரு பூவைக் கண்டம். வழி நெடுக அதின்ரை நினைப்புத்தான். பிடுங்கிக்கொண்டு போகலாமோ எண்டு கேக்க வந்திருக்கிறம்."

அவர்களில் இப்படித்தான் கேட்பார்கள். யூலியானா படியில் வைத்துச் சொல்லித் தந்தது. எஸ்தர் அன்ரி அதை ட்வியில் பாட்டு மாதிரிச் சொன்னாள். அறை முழுக்கக் கைதட்டியது.

"ஏன் கை தட்டினம்?" என்றார் மாமா.

"நிரந்தர வேலைக்கு."

"ஓமோம், இப்ப ஆருக்கு அது கிடைக்குது," என்று மாமா திருப்தியாகத் தலையசைத்தார்.

கோஃபி மாமா எழுந்து, தன்னுடைய பச்சை நிறச் சதுரப் போத்தல் ஒன்றைத் திறந்து, நிலத்தில் துளித் துளியாக ஊற்றத் தொடங்கினார். ஒவ்வொரு துளிக்கும் ஒரு பெயர். கம்ஃபர்ட் அன்ரிக்கு அது பிடிக்கவில்லை. அவளுடைய சபையில் அது பாவம். கண்ணை இறுக மூடி யேசுவின் பெயரை முணுமுணுத்தாள். ஆனாலும் தமையனின் கையை அவள் பிடிக்கவில்லை.

"உதென்ன செய்யிறார்?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"செத்தவைக்குக் குடுக்கிறார், அம்மா. கலியாணத்துக்கு அவையையும் கூப்பிடுறது."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். பிறகு, "எங்கடை இவருக்கும் ரண்டு சொட்டு விடச் சொல்லு," என்றார்.

அன்று நான் ஒன்றும் மாற்றாமல் சொன்ன ஒரே வசனம் அதுதான். கோஃபி மாமா பெயரைக் கேட்டார். சொன்னேன். "கதிரேசு," என்று அவர் மூன்று தரம் சொல்லி, மற்றவர்களுக்கு விட்டதைவிட அதிகமாக விட்டார். அம்மா கை கூப்பினார். மாபிள் தரையில் அப்பா சிறிது ஓடிக் கதிரைக் காலடியில் தேங்கினார்.

அதற்குப் பிறகு எல்லோரும் நல்ல சொந்தக்காரராகிவிட்டார்கள். சதுரப் போத்தல் மேசையைச் சுற்றியது. இரண்டாம் கிளாசோடு மாமாவும் கோஃபி மாமாவும் தங்கள் பெருமையைக் கழற்றி வைத்துவிட்டு நேரே கதைக்கத் தொடங்கினார்கள். ஒருவருடைய இத்தாலியன் குசினியில் கற்றது, மற்றவருடையது மரக்கறி மொத்தச் சந்தையில் மூட்டை இறக்கும் இடத்தில் கற்றது. வினைச்சொற்கள் குறைவு, கை அசைவு அதிகம். என் தேவை முடிந்துவிட்டது.

"பெட்டை கப்பல் வேலைக்குப் போறது எனக்கு விருப்பமில்லை," என்றார் மாமா.

"எனக்கும் இல்லை, தம்பி. கப்பல் எண்டால் எல்லாம் ஆம்பிளையள்," என்றார் கோஃபி மாமா.

அந்த ஆம்பிளைகளில் ஒருவன் பக்கத்தில் இருந்து பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப கலியாணத்தோடை விடட்டும். எங்களோடை இருக்கட்டும். என்ரை தங்கச்சிக்கு முழங்கால் நோ."

"மெத்த நல்லது. என்ரை தங்கச்சிக்கு இடுப்பு நோ. ஞாயிறு முழுக்க இஞ்சை வரட்டும்."

"அது நியாயம்."

"பிள்ளையள் பிறந்தால், தாய்மாமன்ரை சொல்லுத்தான் கடைசிச் சொல்லு. அது எங்கடை வழக்கம்."

"அதுதானே!" மாமா மேசையில் அடித்தார். "எங்களிலையும் தாய்மாமனுக்கு மேலை ஆர் இருக்கினம்?"

கோஃபி மாமா யூலியானாவின் தாய்மாமன். இராஜநாயகம் மாமா மதுசனின் தாய்மாமன். இருவரும் தங்களையே நினைத்துக்கொண்டு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள்.

இரண்டு சனமும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் நான் பயந்திருந்தேன். அவர்கள் இவ்வளவு நன்றாக விளங்கிக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் யூலியானாவை அறையிலிருந்து கூட்டி வந்தார்கள். தோளில் சிவப்பும் பொன்னிறமுமான துணி. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருப்பாள்; அந்த வீட்டில் கதவுகள் மெல்லியவை. அவள் மதுசனுக்கு எதிரே உட்கார்ந்து, அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

எஸ்தர் அன்ரி எழுந்தாள். திறக்காமல் இருந்த மாமாவின் இரண்டு போத்தலையும் தூக்கிக் காட்டினாள். எங்களுக்கும் விளங்க வேண்டும் என்று இத்தாலியனிலேயே கேட்டாள்.

"அபேனா, இவை கொண்டு வந்ததை நாங்கள் எடுக்கலாமோ? நல்லாய் யோசி. குடிச்சிட்டமெண்டால் பேந்து திருப்பிக் குடுக்க எங்களிட்டை ஒண்டும் இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். இதை மூன்று தரம் கேட்க வேண்டும். பெண்ணைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தார்கள் என்று பிறகு ஒருவரும் சொல்லக்கூடாது என்பதற்காக.

"ஓம், எடுங்கோ," என்றாள் யூலியானா. குரல் தெளிவாக இருந்தது. சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் செருமினான். எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"அன்ரி, கொஞ்சம் தண்ணி தாறியளோ?" என்றான்.

கம்ஃபர்ட் அன்ரி ஓடிப்போய்க் கொண்டு வந்தாள். அண்ணன் கடைசிச் சொட்டு வரை குடித்தான். கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினான். வைத்தான்.

"அபேனா, ரண்டாம் தரம் கேக்கிறன். எடுக்கலாமோ?"

யூலியானா அண்ணன் பக்கம் திரும்பினாள். "மதுசன், நீ இண்டைக்கு என்னவோ சொல்ல இருக்கெண்டனி."

அண்ணன் மாமாவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கோஃபி மாமாவைப் பார்த்துச் சிரித்தான். "மாமாவையள்தான் எல்லாம் கதைச்சு முடிச்சிட்டினமே. பேந்து பாப்பம்."

"பேந்து எண்டால் எப்ப? செப்டம்பருக்குப் பிறகோ?"

"பேந்து, யூலியானா."

"பாருங்கோ, இப்பவே புருசன் பெண்சாதிச் சண்டை!" என்று கோஃபி மாமா தொடையில் தட்டினார். அறை குலுங்கியது. அம்மாகூட வாயைப் பொத்திச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் யூலியானா சொன்ன இரண்டாவது ஓம், எஸ்தர் அன்ரி குனிந்து கேட்க வேண்டிய அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

பிறகு யூலியானா என்னைப் பார்த்தாள்.

எனக்கு எல்லாம் தெரியும். அன்று முழுவதும் ஒருவரும் கேட்காத பூவையும் தோட்டத்தையும் பற்றிச் சொல்லியிருந்தேன். இப்போது பொலோனியா என்ற ஒரே ஒரு ஊரின் பெயரைச் சொன்னால் போதும். நான் கதைகாரி, எனக்கு உரிமையும் இருந்தது. வாயைத் திறந்தேன். அதைக் கண்ட எஸ்தர் அன்ரி உடனே குனிந்து காதைக் கொண்டுவந்தாள். அந்தக் காதில் ஒரு பெரிய பொன் வளையம் தொங்கியது. அது ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாயிலிருந்து காற்றுத்தான் போனது.

எஸ்தர் அன்ரி நிமிர்ந்தாள். ட்வியில் நீளமாக, கையை விரித்து, மிக அழகாக ஏதோ சொன்னாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"மூண்டாம் தரம்," என்றாள் எஸ்தர் அன்ரி. "அபேனா, எடுக்கலாமோ?"

கைதட்டல் அடங்கியது. கீழே சந்தைத் தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. யூலியானா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெக்கப்படுறாள்," என்றார் கோஃபி மாமா பெருமையாக.

"எங்கடை பிள்ளையளும் இப்பிடித்தான்," என்றார் மாமா. "நல்ல வளர்ப்பு." அவருடைய கை முதலாவது போத்தலின் மூடியில் இருந்தது.

யூலியானா எழுந்தாள். தோளில் கிடந்த துணியை எடுத்து, கப்பலில் விரிப்பு மடிப்பது போல விளிம்போடு விளிம்பு வைத்து மடித்து, கதிரையில் வைத்தாள். அண்ணனுடைய முழங்காலுக்கும் மேசைக்கும் இடையால், அவனில் படாமல் கடந்து போனாள். கம்ஃபர்ட் அன்ரி, "அபேனா?" என்றாள். யூலியானா வாசலில் செருப்பைப் போட்டாள், கொக்கியில் இருந்த தன் பையை எடுத்தாள், கதவைத் திறந்தாள், படியிறங்கிப் போனாள்.